சும்மா உட்கார விடாத அம்மா

குருப்பட்டம் கொடுத்த கையோடு என்னை ஜவ்வாது மலைப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். எழுபதுகளின் கடைசி அது. படவேட்டுக்குப் பக்கத்தில் அடிவாரத்தில் ஒரு பெரிய கோயில், சுற்றிலும் கரும்புக்கொல்லைகளுக்கு நடுவே சில ஊர்க் கோயில்கள், மலை மேல் ஒரே ஒரு சின்னக் கோயில். எல்லாம் சேர்ந்து ஒரு குருசேகரம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஐயர், நான். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பேருக்கு ஆதாரமாக அன்றைக்கு என்னிடம் இருந்தது சலவை செய்த ஒரு வெள்ளை அங்கி மட்டும்தான்.

மலைக்கோயிலுக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் போக வாய்க்கும். சனிக்கிழமையே ஜீப்பில் ஏறிவிட வேண்டும். புளிமூட்டை, கோழி, மண்ணெண்ணெய் டின், அவற்றுக்கு நடுவே ஐயர். ஜீப் நிற்கிற இடத்தில் தகரக்கூரை போட்ட இட்லிக்கடை ஒன்று இருந்தது. அதை நடத்திய அம்மாவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பேரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், “என் பேரு இன்னாத்துக்கு? ஐயருக்கு வேற வேலை இல்லியா?” என்று கேட்டிருப்பார். அவரிடம் வேலை இல்லாதவன் என்று அகப்பட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பது எனக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

முதல் நாள் ஜீப்பை விட்டு இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி வந்ததில் முகமெல்லாம் வெளுத்திருந்தது எனக்கு. ஆனாலும் இறையியல் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தபடி நிமிர்ந்து நின்று, “அம்மா, நான் இந்தச் சபைக்குப் புதிதாக நியமிக்கப்பட்டிருக்கும் போதகர்” என்றேன்.

“ஐயருங்களா? நல்லதாப் போச்சு. இந்தக் குண்டானை இப்படிப் புடிங்க.”

பிடித்தேன். கொதிக்கிற சாம்பார்க் குண்டான். அவர் அடுப்பைக் கிளறி, விறகு மாற்றி, ஊதாங்குழலைத் தேடி எடுத்து ஊதி முடிக்கும்வரை நான் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆசீர்வதிக்க வந்த கை. கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மலை விவசாயிகள் என்னைப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் என்றே நினைத்து, “தம்பி, கொஞ்சம் சாம்பார்” என்றார்கள். ஊற்றினேன்.

அந்த அம்மாவுக்கு அப்போது ஐம்பது, ஐம்பத்தைந்து வயது இருக்கும். பருத்த உடம்பு. முழங்கை வரை தீப்பட்ட வடுக்கள். முன்னொரு காலத்தில் சபை நடத்திய சின்ன மருத்துவமனைக்குச் சமையல்காரியாக மலை ஏறி வந்தவர். டாக்டர் போன பிறகு மருத்துவமனையை மூடினார்கள். எல்லாரும் இறங்கிப் போனார்கள், இவர் மட்டும் போகவில்லை. ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு பதில். “ஜீப்புல எடம் இல்ல.” “கீழ வெயில் தாங்கல.” ஒருமுறை, “கீழ என் புருஷன் இருந்தான்” என்றார். புருஷன் அதற்கு வெகுகாலம் முன்பே செத்துவிட்டதாக ஊரில் சொன்னார்கள். எது உண்மை என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

மலைச்சபையில் இருந்தது இருபதுக்குக் குறைவான குடும்பங்கள். ஐயர் வராத ஞாயிறுகளில் அவர்களே ஆராதனை நடத்திக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு பொறுப்பு. நாங்கள் அதை ஊழியம் என்போம், அந்த அம்மா வேலை என்பார். யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுத்தவரும் அவர்தான். யாரும் அவரை நியமிக்கவில்லை. நியமிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

அவர் பிரித்த விதம்தான் விசேஷம். எந்த வேலைக்கு எவன் கொஞ்சமும் லாயக்கில்லையோ அவன் கையில் அந்த வேலையைக் கொடுத்துவிடுவார். காது மந்தமான கிழவர் மணியடிப்பார். முதல் மணி எது, இரண்டாம் மணி எது என்று அவருக்கே தெரியாது. வேதபாடம் வாசிப்பவர் சாமுவேல். கொத்துவேலைக்காரர், வாட்டசாட்டமான ஆள், ஆனால் திக்குவாய்.

முதல் ஞாயிறு சாமுவேல் வாசிக்க எழுந்தபோது எனக்கு விஷயம் தெரியாது. முதல் சொல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைக்கிறது, உதடு துடிக்கிறது, சொல் வரவில்லை. எனக்கு வியர்த்தது. சபையைப் பார்த்தேன். ஒருவரும் பதறவில்லை. ஒருத்தி பிள்ளைக்குப் பேன் பார்த்தாள். மணியடிக்கும் கிழவர் நிம்மதியாகத் தூங்கினார். சொல் வந்தது. அடுத்த சொல்லுக்கும் அதே பொறுமை. பாடம் முடிந்தபோது நான் தயாரித்து வைத்திருந்த மூன்று தலைப்புப் பிரசங்கத்தில் ஒரு தலைப்புக்குத்தான் நேரம் இருந்தது.

பிறகு கடையில் கேட்டேன், “ஏம்மா, வாசிக்க வேற ஆளே இல்லையா?”

“எத்தினியோ பேரு இருக்காங்க. வேற ஆளு படிச்சா சீக்கிரம் முடிஞ்சிடும் ஐயரே. அப்பால நீங்க பிரசங்கத்த இழுப்பீங்க.”

திருவிருந்து ஆராதனையில் ஆளுக்கொரு வாய் கொடுக்கும் திராட்சரசத்தைப் பூட்டி வைக்கும் பெட்டியின் சாவி யோபுவிடம் இருந்தது. மலையில் சாராயம் எங்கே காய்ச்சினாலும் முதல் டம்ளர் தன்னுடையது என்று நினைப்பவர் யோபு. குடித்தால் யாரையும் அடிக்க மாட்டார், அழுவார். வழியில் போகும் மாட்டைக் கட்டிக்கொண்டு அழுவார். அப்படிப்பட்டவரிடம் திருவிருந்து ரசத்தின் சாவி. இதையும் கேட்டேன். “அவன்கிட்ட வேற இன்னா இருக்குது? ஒரு சாவியாவது இருக்கட்டுமே” என்றார்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஓய்வுநாள் பள்ளியை ராகேல் என்ற பெண்ணிடம் கொடுத்தார். ராகேலுக்குப் பிள்ளைகளைக் கண்டால் ஆகாது. கையில் புளியமிளாறு இல்லாமல் பாடம் நடத்த மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவள் தலை தெரிந்ததும் பிள்ளைகள் மரத்தில் ஏறிக்கொள்வார்கள். ஒருநாள் ஒரு பையனின் காதைத் திருகியதில் ரத்தம் வந்துவிட்டது. அந்தக் குடும்பமும் அவர்கள் சொந்தக்காரக் குடும்பமும் சபையை விட்டே போய்விட்டார்கள்.

எனக்கு ஆத்திரம். கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அந்த அம்மா மாவாட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“அவளுக்குப் புள்ள இல்ல ஐயரே.”

“அதுக்கு ஊரான் பிள்ளைய அடிக்கணுமா?”

“அடிக்கக் கூடாதுதான்.”

அவ்வளவுதான். குழவி சுற்றிக்கொண்டே இருந்தது. ராகேலை மாற்றவில்லை. மிளாறை மட்டும் பிடுங்கி அடுப்பில் போட்டார். போன குடும்பங்கள் திரும்பவில்லை. இதில் அவர் செய்தது தப்பு என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்வேன்.

இனி ஒரு நாவல்பழக் கதை சொல்கிறேன்.

ஓர் ஆடி மாதம். நெல்லிவாசல் பக்கத்துக் குக்கிராமங்களிலிருந்து சபையார் விடியுமுன்பே கிளம்பி நடந்தே வந்திருந்தார்கள். மாதத்தில் ஒருமுறைதான் திருவிருந்து. கைக்குழந்தைகளோடு பெண்கள், கம்பு ஊன்றிய ஒரு பெரியவர், எல்லாரும் கோயிலுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். நான் அங்கி மாட்டிக்கொண்டிருந்த பக்கத்து அறைக்கு யோபு வந்தார். கையில் காலிப்புட்டி. கன்னமெல்லாம் கண்ணீர்.

“ஒரு வாய்தான் ஐயரே நெனச்சேன்…”

“முழுப்புட்டியும் போச்சா?”

“அதுவே எறங்கிப்போச்சு.”

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கீழே போய் வேறு புட்டி கொண்டுவர அன்றைக்கு ஜீப்பும் இல்லை. அந்த அம்மா எட்டிப் பார்த்தார். புட்டியைப் பார்த்தார், யோபுவைப் பார்த்தார், திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு பித்தளைச் சொம்போடு வந்தார். நாவல்பழத்தைப் பிசைந்து வெள்ளைத்துணியில் வடிகட்டிய சாறு.

“கலரு இதேதான்” என்றார்.

“அம்மா, இது திராட்சையில்லம்மா.”

“ஆண்டவரு கொடி வச்சது அவரு ஊர்ல. நம்ம ஊர்ல மரந்தான் வச்சிருக்காரு. வெளிய போயி நடந்து வந்தவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க, இன்னிக்கு இல்லன்னு.”

வாசல் வழியாகப் பார்த்தேன். கம்பு ஊன்றிய பெரியவர் வேட்டியில் ஒட்டிய புல்முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். நான் சொம்பை வாங்கினேன்.

ஆராதனை நன்றாகத்தான் நடந்தது. ஆனால் நாவல்பழத்துக்கு ஒரு குணம் உண்டு, அது எனக்கு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை. எல்லாரும் வெளியே வந்து சிரித்துப் பேசியபோது, மொத்தச் சபைக்கும் நாக்கு ஊதா. ஐயருக்கும் ஊதா. சரியாக அந்த நேரத்தில்தான், எங்கள் குருசேகரக் கமிட்டியின் செயலர் கூரைத் தகரம் பார்வையிடுவதற்காகச் சொந்தச் செலவில் ஜீப் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அவர். வந்தவர் ஒரு குழந்தையைக் கூப்பிட்டு, “நாக்க நீட்டு” என்றார். பிறகு அடுத்த குழந்தை. பிறகு என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை சாவியை யோபுவிடமிருந்து வாங்கிவிட வேண்டும் என்று நானே சொன்னேன். அந்த அம்மா கேட்கவில்லை. “நேத்து குடிச்சான், சரி. அதுக்கு முந்தி குடிக்காம காவல் காத்தானே, அதுக்கெல்லாம் அவன யாரு கூப்பிட்டுப் பேசினீங்க?”

செயலர் கமிட்டியைக் கூட்டினார். மலைக்கோயிலில் இனிமேல் திருவிருந்து கிடையாது, வேண்டியவர்கள் அடிவாரத்துக்கு இறங்கி வரட்டும். ஐயர் இல்லாத ஞாயிறுகளில் ஆராதனை நடத்தச் சம்பளத்துக்கு ஓர் உபதேசியாரைப் போட வேண்டும். இட்லிக்கடைக்காரம்மா கோயில் காரியத்தில் தலையிடக் கூடாது. ஐயரை மாற்ற வேண்டும். இதுதான் அவர் கேட்டது. நான் எதிர்த்துப் பேசினேன். என் பேச்சு எடுபடவில்லை. விஷயம் பேராயர் வரைக்கும் போனது. அவரே நேரில் வந்து விசாரிப்பதாகச் சொல்லியனுப்பினார்.

மார்கழிக் குளிரில் ஒரு ஞாயிறு காலை பேராயரின் கார் மலை ஏறியது. ஆராதனைக்கு இன்னும் நேரமிருந்தது. டீ குடிக்க அந்த ஊரில் இருந்தது ஒரே கடைதான். ஆகவே குற்றம் சாட்டப்பட்டவரின் பெஞ்சிலேயே பேராயர் உட்கார வேண்டியதாயிற்று. ஊதா அங்கி, கழுத்தில் சிலுவை, விரலில் மோதிரம். அன்று மதியம் சபைக்கெல்லாம் சாப்பாடு. அந்த அம்மாவும் ராகேலும் இன்னும் நாலு பெண்களும் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

செயலர் நின்றபடியே தொடங்கினார். விரல் மடக்கி, ஒவ்வொரு குற்றமாக, அழுத்தந்திருத்தமாகச் சொன்னார். திக்குவாய்க்காரன் வேதம் வாசிப்பது முதல் விரல். குடிகாரன் சாவி வைத்திருப்பது இரண்டாவது விரல். அந்த அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு முறம் நிறையச் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து பேராயர் மடிக்கு முன்னால் வைத்தார்.

“பெரிய ஐயரே, கேக்குறதுக்குக் காதுதானே வேணும்? கை சும்மாத்தானே கெடக்கு?”

செயலர் மடக்கிய விரலோடு அப்படியே நின்றார். பேராயர் முறத்தைப் பார்த்தார், அந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு வெங்காயத்தை எடுத்தார்.

“சொல்லுங்க, மூணாவது என்ன?” என்றார் செயலரிடம்.

மூன்றாவது, நாவல்பழம். செயலர் அதை மிக உருக்கமாகச் சொன்னார். பேராயரின் கண்களில் நீர் வழிந்தது. தன் பேச்சின் பலம் என்று நினைத்து செயலர் இன்னும் உருகினார். பேராயர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “வெங்காயம் காரமா இருக்கும்மா” என்றார்.

“நம்ம கொல்லையில வெளஞ்சதுங்க.”

“அவர் சொன்னதெல்லாம் உண்மையா?”

“எல்லாம் நெஜந்தாங்க.”

“குடிக்கிறவர் கையில சாவி குடுக்கலாமா?”

“வேற யாருகிட்ட குடுத்தாலும் அவன் ஒடச்சித்தான் தொறப்பான். இப்ப சாவி போட்டுத் தொறக்குறான். பொட்டியாவது மிச்சம்.”

பேராயர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

சிரிப்பு அங்கேயே முடிந்தது. ஆராதனையில் அன்றைய பாடம், இயேசுவின் முன்னோர் வரிசை. பேருக்கு மேல் பேர், ஒவ்வொன்றும் எபிரெயப் பேர், நல்ல வாய்க்கே தடுக்கும். சாமுவேல் புதுச்சட்டை போட்டு வந்திருந்தார். மூன்று நான்கு பேர் வரை எப்படியோ வந்தார். அடுத்த பேரில் நின்றார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த செயலர் அந்தப் பேரை உரக்கச் சொல்லிக்கொடுத்தார், பள்ளிக்கூடத்தில் சொல்வது போல. சாமுவேல் மறுபடி முயன்றார். மறுபடி நின்றார். மறுபடி செயலரின் குரல். சாமுவேலின் முகம் கறுத்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மேடையை விட்டு இறங்கி, யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தார். அந்த ஆள் இனி இந்தக் கோயிலுக்குள் கால் வைக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றியது.

அந்த அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கூப்பிட்டார்.

“சாமுவேலு, எங்க போற? இன்னும் தாவீது ராஜாவே வரல. அவர நடுவழியில வுட்டுட்டா அவரு எப்டி பெத்லகேம் போய்ச் சேருவாரு?”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு யோபு. பிறகு மொத்தக் கோயிலும். வாசலில் நின்ற சாமுவேலின் தோள் தளர்ந்தது. அவரும் சிரித்துவிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“செயலர் ஐயா, நீங்க எழுந்து போயி பொஸ்தகத்தப் புடிச்சிக்கினு நில்லுங்க. எழுத்து சின்னதா இருக்குது, மேசையில வச்சா அவனுக்குத் தெரியல” என்றார் அந்த அம்மா.

செயலர் பேராயரைப் பார்த்தார். பேராயர் தன் விரல்களை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். போங்க என்பது போலத் தலையை அசைத்தார். சாமுவேல் திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்கினார். அந்தப் பெரிய புத்தகம் லேசான கனமல்ல. செயலர் இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு, வாயைத் திறக்காமல், ஆபிரகாமிலிருந்து யோசேப்பு வரை நின்றார். கடைசியில் அவர் கை நடுங்கியது, ஆனாலும் இறக்கவில்லை. கடைசிப் பேர் வந்ததும் சபை மொத்தமும் பெருமூச்சு விட்டது. அவரும் விட்டார்.

செயலர் அன்றோடு மனம் மாறிவிட்டார் என்று சொன்னால் அது பொய். கீழே போனதும் கூரைத் தகரம் சரியில்லை என்று வேறு புகார் தொடங்கினார். ஆனால் திருவிருந்தை நிறுத்தும் பேச்சு நின்றுபோனது. பேராயர் என்னைத் தனியே அழைத்து, நாவல்பழம் இதுவே கடைசித் தடவையாக இருக்கட்டும் என்றார். “ரெண்டு புட்டி வாங்கி வைங்க. ஒண்ணு யோபு கையில இருக்கட்டும். இன்னொண்ணு எங்க இருக்குன்னு அந்த அம்மாவுக்குக்கூடத் தெரிய வேண்டாம்.” காரில் ஏறும்போது மோதிரத்தைக் காணோம் என்று ஒரு சின்னக் கலவரம். சட்டைப் பையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகும் சில வருஷங்கள் நான் அந்தக் குருசேகரத்தில் இருந்தேன். ஓர் ஐப்பசி அடைமழையில், அந்த அம்மாவுக்கு நெஞ்சுவலி என்று, மலைக்குப் புதிதாக விட்டிருந்த பஸ்ஸின் கண்டக்டர் என் வீட்டில் வந்து சொன்னாராம். கீழே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியும் வரவில்லையாம். அன்று நான் கணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வருவதற்குள் போய்விட்டார் என்ற செய்தி காத்திருந்தது. மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி எதுவும் போகவில்லை. அங்கியையும் ஆராதனை நூலையும் உரச்சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

ராகேல்தான் குளிப்பாட்டிச் சேலை கட்டியிருக்கிறாள். சாமுவேல் வாசித்திருக்கிறார். யோபு குழி வெட்டியிருக்கிறார். ஜெபத்தை ஆளுக்கு ஒரு வரியாகப் பிரித்துக்கொண்டார்களாம். காது கேட்காத கிழவர் மணியை நிறுத்தவே இல்லையாம், கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்ததாம். எல்லாரும் சேறு பூசிய கால்களோடு கல்லறைத் தோட்டத்தில் நின்றார்கள். நான் நனைந்த சாக்கோடு நின்றேன். முதலில் வந்தது அழுகையல்ல, கோபம்.

“ஐயர் வர்ற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?” என்றேன்.

யோபு என்னைப் பாவமாகப் பார்த்தார். அன்று அவர் குடித்திருக்கவில்லை.

“ஈரத்துல வச்சிக்கினு இருக்க முடியுமா ஐயரே. நீங்க வந்ததும் நல்லதாப் போச்சு. மண்ணு எளசா இருக்குது, நரி நோண்டிடும். மேல முள்ளு போட்டு மூடணும். அந்தச் சரிவாண்ட எலந்தமுள்ளு வெட்டிக் கட்டு கட்டிப் போட்டிருக்கேன், இஸ்துகினு வாங்க.”

அங்கி நனையாமல் இருக்கச் சாக்கோடு ராகேலிடம் கொடுத்துவிட்டுச் சரிவில் இறங்கினேன். முள்கட்டை இழுத்து எனக்குப் பழக்கமில்லை. இரண்டு தடவை வழுக்கி விழுந்தேன். வேட்டி கிழிந்தது. ஒரு கட்டைக் கல்லறை மேடு வரை கொண்டுவந்து சேர்ப்பதற்குள் உள்ளங்கையில் ஒரு முள் முழுசாக இறங்கி உள்ளேயே முறிந்துவிட்டது. அப்போதுதான் அழுதேன், முள்ளைச் சாக்காக வைத்துக்கொண்டு.

சாமுவேல் என் கையைப் பிடித்து, ராகேலிடம் ஊக்கு வாங்கி, முள்ளைத் தோண்டி எடுத்தார். எடுத்த முள்ளைக் கீழே போட்டார். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்தார். உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது. மழைத்தூறலில் எல்லாரும் காத்து நின்றோம்.

“இ… இன்னும் ரெண்டு கட்டு வேணும் ஐயரே” என்றார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி சரிவில் இறங்கினேன்.